உடைப்பதற்கு ஒரு விண்ணப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அந்தத் தகடு அரசாங்கச் சொத்தானது. அதற்கு முன் அது வெறும் தகடு.

பதினோரு மணிக்குத்தான் வக்தி அதை அழுத்த அடுப்பிலிருந்து எடுத்திருந்தான். பதினாறு அடுக்குக் கார்பன் துணி. அடுக்குகளுக்கு இடையே பசை. பசைக்குள் நானோ குழாய்கள். அதே அடுப்பில், அதே பசையில், ஒரு செயற்கைப் பாதமும் வெந்திருந்தது. இரண்டையும் துணியில் சுற்றிப் பண்டகசாலைக்கு எடுத்துப்போனான். மேடம் தஃபீதா எண் போட்டார். தகடு 4417. பாதம் 4418. இரண்டுக்கும் பொறுப்பு வக்தி என்று பதிவேட்டில் எழுதினார். அவன் இரண்டு இடத்தில் கையெழுத்திட்டான்.

"அறுக்குற மிஷினுக்கு ஒரு சீட்டு கொடுங்க மேடம்."

"எதுக்கு?"

"தகட்டைப் பன்னெண்டு துண்டா அறுக்கணும். அப்புறம் ஒவ்வொண்ணா உடைக்கணும்."

தஃபீதா பேனாவை மூடினார்.

"உடைக்கணுமா?"

"எவ்ளோ பாரம் தாங்கும்னு அப்பதான் தெரியும்."

"வக்தி, இப்பதான் கையெழுத்துப் போட்ட. மை கூடக் காயல."

"போன வருஷம் நாப்பது தகடு உடைச்சேனே மேடம். நீங்கதான் சீட்டு கொடுத்தீங்க."

"அது செலவாகும் பொருள். நீலப் பதிவேடு. இது நிரந்தரப் பொருள். சிவப்பு."

சிவப்புப் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பாகத்தான் இருந்தது.

ஹெல்வான் நகரில் இருக்கும் அந்த ஆய்வு நிலையத்தில் வக்தி இருபத்திரண்டு வருடமாகத் தொழில்நுட்ப உதவியாளன். பதிவேடுகளின் நிறத்தை அவன் அதுவரை கவனித்ததில்லை. நிறம் மாறியதற்குக் காரணம் ஒரு சொற்பொழிவு. மூன்று மாதம் முன்பு நானோ குழாய்கள் ஒரு கண்ணாடிக் குப்பியில் வந்தபோது இயக்குநர் டாக்டர் ஷாகிர் அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் பேசினார். "பிரமிடுகள் அழியலாம். இது அழியாது. இது தேசத்தின் நிரந்தர உடைமை." கைதட்டினார்கள். மறுநாள் பேச்சு சுற்றறிக்கையாக வந்தது. சுற்றறிக்கையில் 'நிரந்தர' என்று இருந்ததால் தஃபீதா குப்பியைச் சிவப்புப் பதிவேட்டில் ஏற்றினார். நிரந்தரப் பொருள் கலந்த பொருளும் நிரந்தரப் பொருளே என்று விதி இருந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. நிரந்தரப் பொருள் ஒவ்வொன்றின் மேலும் அதன் எண்ணை எண்ணெய்ச் சாயத்தில் எழுத வேண்டும். சட்டப் பிரிவு அதிகாரி உஸ்தாஸ் அனீஸ் சோதனைக்கு வந்து குப்பியைப் பார்த்தார்.

"குப்பி மேல எழுதியிருக்கு. சரி. உள்ள இருக்கிறதுல எழுதலையே?"

"உஸ்தாஸ், அது முடியில பத்தாயிரத்துல ஒரு பங்கு தடிமன்."

அனீஸ் யோசித்தார். அவர் நியாயமானவர்.

"அப்போ சின்ன எழுத்தா எழுது."

வக்தி அன்று சிரித்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதம் அவன் மனைவியின் தம்பி கரீபுக்கு.

*

கரீப் ரொட்டி சுமக்கிறவன். கதவு அகலப் பலகையில் இருநூறு ரொட்டி. பலகை தலையில். ஒரு கை பலகையைப் பிடிக்கும். ஒரு கை சைக்கிளைப் பிடிக்கும். மணி அடிக்கக் கை இல்லாததால் வாயால் சீழ்க்கை அடிப்பான். இரண்டு வருடம் முன்பு ஒரு மைக்ரோபஸ் அந்தச் சீழ்க்கையைக் கேட்கவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

முதல் பாதத்தையும் வக்திதான் செய்தான். நானோ எதுவும் இல்லாமல், வெறும் கார்பனும் பசையும். நான்கு மாதம் ஓடியது. ஒரு காலை கரீப் அதைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில், ஃபூல் என்னும் மொச்சை மசியல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். குதிகால் பக்கம் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது.

"மச்சான், நீ கால் செஞ்சியா, அடுக்கு ஃபத்தீர் ரொட்டி சுட்டியா?"

"இழை உடையல கரீப். நடுவுல பசைதான் விட்டிருக்கு."

"இழைக்கு என் சலாம் சொல்லு. நான் விழுந்தேன். இருநூறு ரொட்டி ரோட்டுல. ஒரு நாய் மட்டும் நல்லாச் சாப்பிட்டுச்சு."

அதனால்தான் நானோ குழாய்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பசையில் கலந்துவிட்டால், விரிசல் ஓடப் பார்க்கும்போது பிடித்து நிறுத்தும். கண்ணுக்குத் தெரியாத தையல். வக்தி பசையில் அவற்றைச் சமமாகப் பரப்பவே ஏழு வாரம் ஆயிற்று. கட்டி தட்டிய இடத்தில் தையல் இல்லை, கல்தான்.

ரொட்டிக்கடை ஹனஃபி கரீபின் சைக்கிளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். "ஷம் எல்-நெசீம் பண்டிகை அன்னிக்கு விடியறப்ப வந்து பலகையைத் தூக்கு. இல்லன்னா சைக்கிள் என் பெண்டாட்டியோட தம்பிக்கு." பண்டிகைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

பாதம் வெளியே போக ஒரு தாள் வேண்டும். தாளில் ஒரு கட்டம். கட்டத்தில் ஓர் எண்: தகடு எத்தனை நியூட்டனில் உடைந்தது. எண் இல்லாமல் கால் பொருத்தும் மருத்துவமனை அதைத் தொடாது.

*

"கழிவுக் குழுவைப் பாரு," என்றார் தஃபீதா. "பொருளை ஒழிக்கிற அதிகாரம் அவங்களுக்குத்தான்."

கழிவுக் குழு ஐந்தாம் மாடி. லிஃப்ட் நிரந்தரப் பொருள். ஓடவில்லை. குழுத் தலைவர் பொறியாளர் பஹீக் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பழுது எங்க?"

"பழுது இல்லைங்க. உடைக்க அனுமதி வேணும்."

"நாங்க உடைஞ்ச பொருளைத்தான் எடுப்போம். இது புதுசு."

"உடைச்சுக் கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வா."

"அனுமதி இல்லாம உடைச்சா?"

"விசாரணை."

"அனுமதி யார் தருவாங்க?"

"நாங்கதான். உடைஞ்சிருந்தா."

வக்தி படியில் இறங்கினான். மூன்றாம் மாடியில் நின்றான். மறுபடி ஏறினான். பஹீக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தானா உடைஞ்சா?"

"தானா உடைஞ்சா பிரச்சினையே இல்ல. எவ்ளோ நாள்ல உடையும்?"

"உடையாம இருக்கத்தாங்க செஞ்சோம்."

"அப்ப ஏன்யா அவசரப்படுற?"

பத்தொன்பது நாள் இருந்தது.

*

இயக்குநரைப் பார்க்க நான்கு நாள் ஆயிற்று. டாக்டர் ஷாகிரின் மேசையில் நானோ குப்பியின் மாதிரி ஒன்று, மனிதன் உயரத்துக்குப் பாதி, பளிங்கில் நின்றது. வக்தி விண்ணப்பத்தை நீட்டினான். டாக்டர் ஷாகிர் தலைப்பை மட்டும் படித்தார்.

"உடைக்கணும்னு எழுதியிருக்கே."

"ஆமா டாக்டர். பலத்தை அளக்க."

"மகனே, நீ உன் மனைவியை நேசிக்கிறியா?"

"நேசிக்கிறேன் டாக்டர்."

"எவ்ளோன்னு தெரிஞ்சுக்க அவளை மாடியிலேருந்து தள்ளிப் பார்ப்பியா?"

கேள்வியில் ஏதோ தப்பு இருப்பது வக்திக்குத் தெரிந்தது. எங்கே என்று தேடுவதற்குள் டாக்டர் ஷாகிர் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். பேசும்போது அவர் ஜன்னலுக்குப் போவார்.

"பலம்ங்கிறது எண் இல்ல. நம்பிக்கை. வெளிநாட்டுக்காரன் உடைச்சுப் பார்க்கிறான். ஏன்? அவனுக்கு அவன் பொருள் மேல நம்பிக்கை இல்ல. இந்த நிலையத்துல இருபது வருஷமா நாம எதையும் உடைச்சதில்ல. அதனாலதான் நம்ம பொருள் எதுவும் தோத்ததில்ல. பத்திரிகையில கூட வந்திருக்கு."

"கட்டத்துல ஓர் எண் கேக்குறாங்க டாக்டர்."

"குழு போடுறேன்."

விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினார்: பொருளைச் சேதப்படுத்தாமல் பலத்தைத் தீர்மானிக்கக் குழு. நகல்: சட்டப் பிரிவு.

நகல் முதலில் போய்ச் சேர்ந்தது.

உஸ்தாஸ் அனீஸ் வக்தியை உட்காரச் சொன்னார். இது விசாரணை இல்லை என்றார். வேறு படிவம் இல்லாததால் விசாரணைப் படிவத்திலேயே எழுதுவதாகச் சொன்னார்.

"4417-ஐ உடைக்கிற எண்ணம் உனக்கு எப்ப வந்துச்சு?"

"செய்யறதுக்கு முன்னாடியே உஸ்தாஸ்."

அனீஸின் பேனா நின்றது.

"செய்யறதுக்கு முன்னாடியேவா?"

"உடைக்கறதுக்காகத்தான் செஞ்சேன்."

"இதைச் சொல்லணும்னு யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்ல."

"தகட்டோட உனக்கு ஏதாவது முன்பகை?"

"ஏழு வாரம் அதோட இருந்திருக்கேன் உஸ்தாஸ்."

அனீஸ் 'ஏழு வாரம்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

*

குழு பன்னிரண்டாம் நாள் கூடியது. ஐந்து பேர். தகட்டைப் பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்தார்கள். முதல் உறுப்பினர் விரலால் தட்டினார். இரண்டாமவர் தூக்கிப் பார்த்து, இலேசாக இருப்பதாகக் குறை சொன்னார். மூன்றாமவர் இரு கையாலும் வளைத்தார். மற்ற நால்வரும் "பார்த்து, பார்த்து" என்றார்கள். நான்காமவர் அதன் பெயரைக் கேட்டார். ஐந்தாமவர் பருமனானவர். தகட்டை நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்காரும்படி குழு அவரைக் கேட்டுக்கொண்டது. உட்கார்ந்தார். தேநீர் வந்தது. தேநீர் முடியும்வரை எழவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

"நல்லாத்தான் இருக்கு."

சான்றிதழ் தயாரானது. அரசாங்கக் கழுகு முத்திரை விழுந்தது. எண் எழுதும் கட்டத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தது. வக்தி அதை எடுத்துக்கொண்டு மெட்ரோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினான். மருத்துவமனைப் பெண் மருத்துவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"நன்றுன்னா எத்தனை நியூட்டன்?"

"ஒரு ஆள் உட்கார்ந்தார் டாக்டர். தேநீர் குடிச்சாரு."

"எத்தனை கிளாஸ்?"

அவர் நல்லவர்தான். ஆனால் அந்தக் கட்டத்தில் தேநீர் எழுத முடியாது என்றார்.

அன்று சாயங்காலம் நிலைய வாசலில் கரீப் ஊன்றுகோலோடு நின்றான். தினமும் வந்து நிற்பான். காவலாளிக்கு ரொட்டி கொண்டுவருவான்.

"என்ன ஆச்சு மச்சான்?"

"நன்றுன்னு எழுதிட்டாங்க."

"யாரை?"

"தகட்டை."

"என்னையும் எழுதச் சொல்லேன்." ஊன்றுகோலை மாற்றிக்கொண்டான். "ஹனஃபியோட மச்சினன் நேத்து என் சைக்கிள்ல ஏறிப் பார்த்தான். பலகையை ரெண்டு கையால பிடிக்கிறான். ரெண்டு கையால! சீட்டைக் கீழ இறக்கிட்டான் மச்சான். என் சீட்டை."

வக்தி பாக்கெட்டில் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். பாதம் இருந்த அலமாரிச் சாவியும் அதில் இருந்தது. பத்து நாள் இருந்தது.

*

வழி கண்டுபிடித்தது தஃபீதா. அவர் எதையும் கண்டுபிடிக்கும் நோக்கத்தில் இல்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் முறிந்தது. எழுந்தார், எண்ணைப் பார்த்தார், சிவப்புப் பதிவேட்டில் 'பயன்பாட்டில் தேய்ந்தது' என்று எழுதினார். வேறு நாற்காலி எடுத்துக்கொண்டார். வக்தி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"விசாரணை இல்லையா மேடம்?"

"எதுக்கு? உக்காரச் செஞ்ச நாற்காலி, உக்காந்தேன், உடைஞ்சுது. சுத்தியால அடிச்சாத்தான் விசாரணை." சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாதம் எதுக்குச் செஞ்சது?"

"நடக்க. சைக்கிள் மிதிக்க."

"மதிலுக்குள்ள மிதிச்சா அது பயன்பாடு. உடைஞ்சா எந்தப் பாரத்துல உடைஞ்சுதுன்னு எழுதிக்கலாம். உன் கட்டத்துக்கு ஓர் எண் கிடைக்கும். அப்புறம் அவனுக்கு இன்னொண்ணு செய்."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கரீப் பார்வையாளர் சீட்டோடு உள்ளே வந்தான். ஹனஃபியிடம் கெஞ்சி சைக்கிளையும் பலகையையும் வாங்கி வந்திருந்தான். பாதத்துக்குள் வக்தி அழுத்தம் அளக்கும் கம்பி ஒட்டியிருந்தான். அலமாரி திறந்தது. பாதம் வெளியே வந்தது. கரீப் அதைப் பழைய காலின் உறையில் திருகிப் போட்டுக்கொண்டான். சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றினான். பலகையைத் தலையில் வைத்தான். இருநூறு ரொட்டிக்குப் பதில் அந்த எடைக்கு மணல் மூட்டை. கொடிமரத்தைச் சுற்றி முதல் வட்டம். முற்றத்து வட்டம் நூற்றெழுபது மீட்டர்.

பன்னிரண்டாவது வட்டத்தில் சீழ்க்கை அடித்தான். ஜன்னல்கள் திறந்தன.

இரண்டு மணிக்கு நிறுத்தம். பாதத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். கரீப் ஊன்றுகோலில் வீட்டுக்குப் போவான். பூட்டுவதற்கு முன் வக்தி ஒரு நாணயத்தால் பாதத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்பான். அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். சத்தம் மணி போல வந்தது. முதல் நாள் வந்தது. இரண்டாம் நாள் வந்தது. மூன்றாம் நாள் மணலின் எடையைக் கூட்டினார்கள். நான்காம் நாள் நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கச் சொன்னான்.

"உடையட்டும்னு வேண்டிக்கிறியா மச்சான்?"

"ஆமா."

"நானும் வேண்டிக்கிறேன். ஆனா மிதிக்கும்போது மறந்துடுது."

வக்தி வட்டங்களை எண்ணினான். நகத்தைக் கடித்தான். பாதம் வளைந்தது, நிமிர்ந்தது. மோசமாகச் செய்திருந்தால் இந்நேரம் உடைந்திருக்கும், தாள் கிடைத்திருக்கும் என்று நினைத்தான். பசையைக் கலக்கிய ஏழு வாரத்தை நினைத்தான். ஏழாம் நாள் நாணயத்தால் இன்னும் பலமாகத் தட்டினான். மணி போல வந்தது.

*

எட்டாம் நாள் ஞாயிறு. மறுநாள் ஷம் எல்-நெசீம். காலையிலேயே ஊர் முழுக்கப் பண்டிகை உப்பு மீன் வாசனை. பத்து மணிக்கு அமைச்சகத்திலிருந்து மூன்று கார்கள் வந்தன. டாக்டர் ஷாகிர் ஒலிவாங்கியைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். கரீபை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் பேசப் பேசக் கரீப் அவரைச் சுற்றி வந்தான்.

"பாருங்க. எட்டு நாள். உடையல. ஏன் உடையல? உடைஞ்சிருந்தா வெளிய விட்டிருப்போம். இந்த மாதிரி ஒரு பாதம் உலகத்துல எங்கயும் இல்ல. அதனாலதான் இதை யாருக்கும் கொடுக்கல. நாட்டுல எத்தனையோ பேர் கால் இல்லாம இருக்காங்க. அவங்க எல்லாரும் பெருமைப்படலாம், இப்படி ஒரு பாதம் இங்க அலமாரியில பத்திரமா இருக்குன்னு!"

கைதட்டினார்கள். கரீபும் தட்டியிருப்பான். கை இல்லை.

ஒரு விருந்தினர் கேட்டார், "இவர் யாரு?"

"இவர்," டாக்டர் ஷாகிர் யோசித்தார், "இவர் பொருளோட இணைப்பு."

வக்தி தஃபீதாவைப் பார்த்தான். தஃபீதா வேறு பக்கம் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கார்கள் கிளம்பின. தடுப்புக் கம்பம் தூக்கப்பட்டது. காவலாளி நிமிர்ந்து சலாம் வைத்தான். முதல் கார் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது காருக்குப் பின்னால் கரீப் போனான். மணல் மூட்டையை எப்போது இறக்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. வெறும் பலகை தலையில் இருந்தது. ஒரு கை அதைப் பிடித்திருந்தது. தெருவில் திரும்பும்போது சீழ்க்கை கேட்டது.

காவலாளியின் கை சலாமிலேயே நின்றது.

வக்தி பண்டகசாலைக்கு நடந்தான். ஓடவில்லை. அலமாரியைத் திறந்து, காலியான தட்டைப் பார்த்து, மறுபடி பூட்டினான்.

"நிரந்தரப் பொருள் திரும்பி வர்ற வரைக்கும் உன்னை ஓய்வு பெற விடமாட்டாங்க," என்றார் தஃபீதா. "எத்தனை வருஷம் பாக்கி?"

"பதினொண்ணு."

"பாதம் அவ்ளோ வருஷமும் தாங்கும்னு சொல்ற."

"அதுதாங்க பயமா இருக்கு."

*

செவ்வாய்க்கிழமை உஸ்தாஸ் அனீஸ் அதே படிவத்தை எடுத்தார். இந்தத் தடவை அது பொருந்தியது.

"4418 தொலைஞ்சு போச்சா?"

"இல்ல உஸ்தாஸ். எங்க இருக்குன்னு தெரியும். காலையில ஆறரைக்கு எங்க தெருவுல போகுது. நேத்து போச்சு, இன்னிக்கும் போச்சு. ரொட்டி சூடா இருந்துச்சு."

"அதைச் சொல்லாத. கட்டத்துல சேராது." படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார். "பொருள் கையை விட்டுப் போனதுக்குக் காரணம். மூணு இருக்கு. திருட்டு, தீ, தேய்மானம். ஒண்ணை எழுதிக் கையெழுத்துப் போடு."

கட்டம் கட்டைவிரல் நகம் அளவு. வக்தி நெடுநேரம் பார்த்தான். திருட்டு என்று எழுதினால் கரீப். தீ பிடிக்கவில்லை. தேய்மானம் என்றால் கழிவுக் குழு உடைந்த துண்டைக் கேட்கும். பேனாவை எடுத்து ஒரே சொல் எழுதினான். படிவத்தைத் திருப்பினான்.

அனீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"'உடையவில்லை'-யா?"

"ஆமா உஸ்தாஸ்."

"இந்தக் கட்டத்துல இதுக்கு இடமே இல்லையேப்பா."

"அதான் சின்ன எழுத்தா எழுதியிருக்கேன்."